கதை பேசும் மொழி

விண்கலத்தின் பெருந்திரையில் அயல் உலகத் தலைவர் ஒருவரின் முகம் தோன்றுகிறது. அவர் கனிவோடு பேசுகிறார். மொழிபெயர்ப்புக் கருவி அவர் பேச்சைத் தடையின்றி மாற்றித் தருகிறது. ஆயினும் கேட்போர் எவருக்கும் எதுவும் விளங்கவில்லை. ஆட்பெயர்களும் இடப்பெயர்களுமே காதில் விழுகின்றன. சொல் கிடைத்துவிட்டது, பொருள் கிடைக்கவில்லை.

'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்னும் அமெரிக்க அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரில், 1991ஆம் ஆண்டு ஒளிபரப்பான 'டார்மாக்' என்னும் பகுதியின் தொடக்கம் இது. ஜோ மெனோஸ்கி திரைக்கதை எழுதிய இப்பகுதி, ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வதற்கு மொழி மட்டும் போதுமா என்னும் வினாவை எழுப்புகிறது. அதனாலேயே பார்வையாளர்களும் அறிஞர்களும் இதைப் பற்றி இன்றும் விவாதிக்கின்றனர்.

குறுவாளும் கொள்ளியும்

டமேரியர் என்னும் அவ்வினத்தாரை மனிதர்கள் நூறாண்டுகளில் ஏழு முறை சந்தித்தும் உறவு மலரவில்லை. இம்முறை டமேரியத் தலைவர் டேத்தான், தம்மையும் 'என்டர்பிரைஸ்' விண்கலத்தின் தலைவர் பிக்கார்டையும் அருகிலுள்ள கோளின் தரையில் சேர்க்கச் செய்கிறார். அங்கே குறுவாள் ஒன்றைப் பிக்கார்டிடம் நீட்டுகிறார். அதைப் போருக்கான அழைப்பு என்று கருதிய பிக்கார்டு ஏற்க மறுக்கிறார். இரவில் தீ மூட்ட இயலாமல் அவர் குளிரில் வாட, டேத்தான் தமது தீயிலிருந்து ஒரு கொள்ளியைத் தருகிறார்.

மறுநாள் எளிதில் கண்ணுக்குப் புலப்படாத விலங்கு ஒன்று நெருங்குகிறது. அப்போதுதான் டமேரியர் கதைகளைச் சுட்டியே கருத்துகளை உணர்த்துகின்றனர் என்பது பிக்கார்டுக்குப் புரிகிறது. டார்மாக், ஜலாட் என்னும் இருவர் ஒரு தீவுக்குத் தனித்தனியே வந்தனர், அங்கிருந்த விலங்கை ஒன்றாக எதிர்த்தனர், இணைந்தே திரும்பினர். அந்தப் பழங்கதையை மீண்டும் நிகழ்த்தவே டேத்தான் விரும்பினார். குறுவாள் பகைக்காக நீட்டப்பட்டதன்று.

விடை தேடும் ஊகங்கள்

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. கதை தெரிந்தால்தான் பேச்சு புரியும். பேச்சு புரியாமல் குழந்தை கதையை எவ்வாறு கற்கும்? விண்கலத்தைக் கட்டியவர்கள் அளவுகளை எவ்வாறு பரிமாறிக்கொண்டிருப்பார்கள்?

டமேரியரின் தொடர்களைக் கூர்ந்து கேட்டால், கை, கண், சுவர் போன்ற எளிய சொற்களும் அவற்றில் உள்ளமை தெரியும். ஆகவே அவர்களிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 2014ஆம் ஆண்டு 'தி அட்லாண்டிக்' இதழில் எழுதிய இயான் போகோஸ்ட், அவர்களுடைய பேச்சை உருவகம் என்று கொள்வதே பொருந்தாது என்று வாதிட்டார். அளவுகளுக்கெனத் தனிக் குறியீடுகள் இருந்திருக்கலாம் என ஊகிக்கலாம். கதை அதைக் காட்டவில்லை.

ஆனால் குழந்தை பற்றிய வினாவுக்கான விடை கதைக்குள்ளேயே இருக்கிறது. டேத்தான் கதையைச் சொல்லிப் புரியவைக்க முயலவில்லை; பிக்கார்டைக் கதைக்குள் நிறுத்தினார். டமேரியக் குழந்தையும் அவ்வாறே கற்றிருக்கக்கூடும். தாய் கைவிரித்து உணவு தரும்போதெல்லாம் ஒரு வள்ளலின் பெயரைச் சொன்னால், 'கொடுத்தல்' என்பதன் பொருள் முதலில் பதியும். வள்ளலின் கதை பின்னர் வந்து சேரும். எந்த மொழிக் குழந்தையும் முதற்சொற்களை அகராதி பார்த்துக் கற்பதில்லை.

இம்முறை தமிழருக்கு முற்றிலும் அயலானதன்று. 'அவர் ஒரு கர்ணன்' என்றால் கொடைத்திறம் விளங்குகிறது. 'கும்பகர்ணன்' என்றால் உறக்கம் விளங்குகிறது. கதையறியாத வேற்றுமொழியாளருக்கு அவை வெறும் பெயர்களே. தொல்காப்பியம் கூறும் உள்ளுறை உவமமும், கேட்பவர் நிலத்தையும் அதன் கருப்பொருள்களையும் அறிந்திருப்பார் என்னும் நம்பிக்கையில் நிற்பதே.

புரிதலின் விலை

விலங்கோடு போரிடும் வேளையில் பிக்கார்டைக் காப்பாற்ற எண்ணிய அவருடைய கலத்தினர், அவரை மேலே இழுக்க முயல்கின்றனர். அம்முயற்சி தோற்கிறது, ஆயினும் அந்தச் சில நொடிகளில் தனித்து நின்ற டேத்தான் படுகாயமடைகிறார். அவர்களிடம் நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. நடப்பது இன்னதென்று அறியாமையே தீங்காயிற்று.

அன்றிரவு தீயருகே, இறக்கும் நிலையிலிருந்த டேத்தான் ஒரு கதை கேட்கிறார். மெசபடோமியக் களிமண் பலகைகளில் எழுதப்பட்ட கில்காமேஷ் காவியத்தைப் பிக்கார்டு தேர்ந்தெடுக்கிறார். முதலில் மோதிப் பின்னர் நண்பர்களான கில்காமேஷும் என்கிடுவும் ஒன்றாகப் போரிடுகின்றனர். என்கிடு இறக்க, கில்காமேஷ் அழுகிறான். டேத்தானுக்குச் சொற்கள் எவ்வளவு விளங்கினவோ தெரியாது. ஆனால் அக்கதையை அவர்கள் இருவருமே வாழ்ந்து முடித்திருந்தனர்.

தம் கலத்துக்குத் திரும்பிய பிக்கார்டு, டமேரியரோடு அவர்கள் முறையிலேயே பேசுகிறார். மூண்டிருந்த போர் நிற்கிறது. தம்மைப் பிறர் புரிந்துகொள்வர் என்னும் நம்பிக்கைக்காக உயிரையே பணயம் வைக்கத் தம்மால் முடிந்திருக்குமா என்னும் எண்ணம் அவரை விட்டு அகலவில்லை. இறுதிக் காட்சியில் அவர் பழங்கிரேக்கப் பாடல்களைப் படித்துக்கொண்டிருக்கிறார். அயலாரின் கதைகளை இனியேனும் புரிந்துகொள்ள விரும்பியவர், முதலில் தம் முன்னோரின் கதைகளைத் திறக்கிறார்.