அப்பாவும் ஒரு டி.பி.யும்

"ஒரு டி.பி. வாங்கிட்டேன்ப்பா!" என்றேன், கான்சாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும். அப்பா பதறிவிட்டார். "எப்ப இருந்துடா இருமல்?"

அது வியாதியில்லை, டெராபைட். கம்ப்யூட்டரில் வெளியே மாட்டுகிற ஹார்ட் டிஸ்க் என்று புரியவைப்பதற்குள் காபி ஆறிப்போச்சு. 1956-ல் ஐ.பி.எம். செய்த முதல் ஹார்ட் டிஸ்க் சுமார் ஒரு டன் எடை. கொள்ளளவு வெறும் 50 லட்சம் எழுத்துகள். என்னுடையதோ சட்டைப்பைக்குள் அடங்கும்!

செருகினால் 931 ஜி.பி.தான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ? இல்லை. தயாரிப்பாளர் 1000, 1000-ஆக எண்ணுகிறார். விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது.

"வியாபாரி மரக்கால் வேற, நம்ம மரக்கால் வேற. நெல்லு அதேதான்டா" என்றார் அப்பா. பி.எஸ்ஸி. படித்த எனக்கு வெட்கமாயிருந்தது.

வீட்டுப் படங்களையெல்லாம் அதில் ஏற்றிவிட்டு செல்போனைக் காலி செய்தேன்.

"வேற எங்க வச்சிருக்கே? விதைநெல்லை ஒரே குலுக்கையிலயா போடுவாங்க?"

சிரித்து மழுப்பினேன்.

அப்பா போய்ச் சேர்ந்த மறுவருஷம், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் மேஜையிலிருந்து விழுந்தது. சுழலும் தட்டுக்கு மேலே, மயிரிழையை விடக் குறைந்த இடைவெளியில் மிதக்கிற முனை உரசிவிட்டதாம். 'டிக்... டிக்...' அவ்வளவுதான். அப்பா களத்தில் நெல் தூற்றுகிற படங்கள் எல்லாம் போச்சு.

தங்கச்சிக்கு எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரே ஒரு படம் மிஞ்சியது. இப்போது அது மூன்று இடத்தில் இருக்கிறது.

உங்க வீட்டுப் படங்கள் எத்தனை குலுக்கையில இருக்கு, சார்?