பத்து கிராம் அம்மா

ஏப்ரல் 15 வந்துவிட்டால் வைத்திக்குப்பத்தில் பல அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்.

அப்படியொரு மே மாதக் கடைசியில், வலை தைத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு மகள் நூலகப் புத்தகத்தை வாசித்துக் காட்டினாள். ஏழாம் வகுப்பு முடித்தவள். தேன் போசம், தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் பூந்தேன் குடித்து வாழும் பைப்பாலூட்டி. எடை சுமார் 10 கிராம். ஆல்பட்ராஸ், தென்கடல்களின் பறவை. பெரிய வகை சிறகை விரித்தால் 11 அடி வரை வரும். டேப் வைத்து அளந்தாள். திண்ணை போதவில்லை.

"இது ரெண்டையும் எதுக்குடி சேத்துப் பேசணும்?"

"புள்ள வளக்கிறதுக்குப்பா."

போசம் குட்டி பிறக்கும்போது 5 மில்லிகிராம்கூட இருக்காது. அரிசியை நாலாக உடைத்தால் ஒரு நொய், அவ்வளவுதான். அதை வயிற்றுப் பையில் வைத்துக்கொண்டே தாய் பூவுக்குப் பூ அலையும், சுமார் 60 நாள். கிட்டத்தட்ட நம் தடைக்காலம். ஆல்பட்ராஸுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரே முட்டை, அரை கிலோ. ஆணும் பெண்ணும் முறைவைத்து 11 வாரம் அடைகாக்கும். குஞ்சு தேறியதும் கூட்டில் தனியே விட்டுவிட்டு இரண்டுமே இரைக்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும்.

மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்த அம்மா, "அப்பன்காரனும் முட்டை மேல உக்காருமா?" என்றார். அப்பா வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உன்ன இடுப்புல வச்சிக்கிட்டுதான் தெருத்தெருவா மீன் வித்தேன். நீ போசம் குட்டிதான்" என்றார் மகளிடம்.

அடுத்த பக்கத்தில் ஆயிரங்கால் தூண்டில் வந்தது. இரையைக் கொத்தும் ஆல்பட்ராஸ் முள்ளில் மாட்டி, தூண்டிலோடு முங்கிச் செத்துப்போகும். திரும்பாத பறவையின் குஞ்சை மற்றது ஒண்டியாகக் காப்பாற்றுவது அரிது.

அம்மா கழுவிய கூடையை நிமிர்த்தி மறுபடி கழுவினார். அவருடைய அப்பா கட்டுமரத்தில் போய்த் திரும்பாதவர். நாலு பிள்ளைகளையும் ஆயா ஒருத்தியாகத்தான் வளர்த்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா கேட்டார்: "ராத்திரியில தூண்டில் விட்டா பறவை வராதே. அத எழுதியிருக்கா?"

மகள் பக்கத்தைத் திருப்பினாள். எழுதியிருந்தது. கயிற்றில் வண்ணப் பட்டை கட்டிப் பறவைகளை விரட்டுவதும் இருந்தது.

"கழனியில கட்டுற மாதிரி" என்றார் அப்பா. "மேல படி."