முகத்தைக் காட்டிய வீடியோ

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சவுக்குத் தோப்பு ஒன்றில் பிடிபட்டவன் அவன். 16 வயது. சட்டைப் பையில் ஒரு கஞ்சாப் பொட்டலம். அவன் பெயரையும் ஊரையும் எழுத மாட்டேன். சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆம் பிரிவு என்னையும் கட்டுப்படுத்தும்.

வழக்கு பெரிதில்லை. போதைப்பொருள் சட்டத்தில் 1 கிலோ வரை கஞ்சா 'சிறிய அளவு'. அதிகபட்சம் ஓராண்டுத் தண்டனை. சிறார் சட்டத்தில் இது சிறு குற்றம். செங்கல்பட்டில் இளைஞர் நீதிக் குழுமம் அன்றே ஜாமீனில் அவனை அம்மாவிடம் ஒப்படைத்தது.

அதற்குள் ஒரு வீடியோ பரவிவிட்டது. தோப்பிலேயே யாரோ செல்போனில் எடுத்தது. குனிந்திருக்கும் அவன் தாடையை ஒரு கை பிடித்து நிமிர்த்துகிறது. "இங்க பாருடா" என்று ஒரு குரல். அவன் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். மறுநாள் காலை அவன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அது வந்தது. பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான்.

"கேஸ் என்ன வேணா ஆகட்டும் சார், அந்த வீடியோவ எடுக்கச் சொல்லுங்க" என்றார் அம்மா, அவன் வழக்கை நடத்திய என்னிடம்.

நன்னடத்தை அலுவலர் நிதானமாகப் பேசியதில் மற்றதும் வெளிவந்தது. கஞ்சாவை அவன் முதலில் பார்த்தது ரீல்ஸில். சினிமாப் பாட்டுக்குப் புகை விடும் இளவட்டங்கள். ஒன்றை முழுசாகப் பார்த்தால் அதே ரகத்தில் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். பார்ப்பவனுக்கு ஊரே இழுப்பதாகத் தோன்றிவிடும். அதில் கமென்ட் போட்ட இவனிடம் இன்பாக்ஸில் வந்து பேச்சுக் கொடுத்து, தோப்புக்கு வழி சொன்னவன் வயது வந்த ஆள். சிறாருக்குப் போதைப்பொருள் கொடுத்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. அந்தப் பிரிவு வழக்கில் எழுதப்படவே இல்லை. கொடுத்தவன் முகம் யாருக்கும் தெரியாது, வாங்கிய பிள்ளையின் முகம் ஊருக்கெல்லாம் தெரியும் என்பதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இரண்டு மனுக்கள் போட்டேன்: 77-இல் விசாரிக்க ஒன்று, 74-இன்படி வீடியோவை நீக்க ஒன்று. அடையாளத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "முகம் தெரிஞ்சாத்தானே மத்த பசங்க பயப்படுவாங்க" என்று எதிர்ப்பேச்சும் வந்தது. பள்ளிக்கூடமும் சிநேகிதர்களும் கைவிட்ட பையனுக்கு மிஞ்சுவது அந்தத் தோப்புதான் என்றேன்.

குழுமம் கவுன்சிலிங்குக்கு உத்தரவிட்டது. முதலில் ஏற்றிய பக்கத்திலிருந்து வீடியோ நீங்கியது. பிரதிகள் நிற்கவில்லை. பையன் பள்ளிக்குத் திரும்பிய பிறகும், புதிதாக ஒரு லிங்க் கண்ணில் பட்டால் அம்மா எனக்கு அனுப்புவார். அதையும் சேர்த்து மறுபடி எழுதிக் கொடுப்பேன்.