மின்னாத கைப்பட்டை

ஃபுளோரிடா டிஸ்னி வோர்ல்டில் இரண்டாம் நாள். ஓய்வெடுத்துவிட்டு மாலையில் மேஜிக் கிங்டம் திரும்பும்போது, மகளின் ‘மேஜிக்பேண்ட் பிளஸ்’ கைப்பட்டை அணைந்துவிட்டது. முதல்நாள் இரவு சார்ஜ் போட மறந்தவன் நான்தான்.

“உள்ள விட மாட்டாங்களாப்பா?” கண் கலங்கினாள்.

வாசல் கருவியில் பட்டையை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. ஒளிக்கும் அதிர்வுக்கும்தான் பேட்டரி. நுழைவுக்கான சிப்புக்குத் தேவையான மின்சக்தியை வாசல் கருவியே தந்துவிடுகிறது.

ஆனால் வாணவேடிக்கையின்போது சுற்றிலும் கைகள் மின்ன, அவள் கை மட்டும் இருட்டு.

ஒருமுறை சார்ஜ் செய்தால், பயன்பாட்டைப் பொறுத்து 1 முதல் 3 நாள் தாங்கும். பட்டையோடு யூஎஸ்பி கேபிள் மட்டுமே வரும். நமது மூன்று முனை பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டர் அவசியம். இரவில் கைப்பேசியோடு பட்டையையும் சார்ஜில் போடுங்கள்.

மறுநாள் இரவு அவள் கையும் மின்னியது.