வேப்பம்பலகையோடு ஒரு கண்காட்சி

எட்டுக்கு நாலு பிளைவுட் ஒன்று இயந்திர மேசையில் ஏறுகிறது. கீழிருந்து காற்றை உறிஞ்சி மேசை அதைப் பிடித்துக்கொள்கிறது. மேலே நகரும் தலை தனக்கு வேண்டிய கருவிகளைத் தானே மாற்றிக்கொண்டு அலமாரியின் அத்தனை பாகங்களையும் வெட்டுகிறது. கீல் உட்கார வேண்டிய 35 மி.மீ. குழிகளையும் குடைந்துவிட்டு ஓய்கிறது. சுற்றி நிற்கும் கூட்டம் கைபேசியில் படம் பிடிக்கிறது. பெங்களூரு துமகூரு சாலையில் இருக்கும் சர்வதேசக் கண்காட்சி மையத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ‘இந்தியாவுட்’ கண்காட்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்படி ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். நான் போனது 2024 பிப்ரவரியில்.

விடுமுறை நாள்களில் வீட்டுக் கொட்டகையில் தச்சுவேலை செய்கிற என்னைப் போன்றவர்களுக்கு இந்த இயந்திரங்கள் எதற்கும் ஆகாது. விலை லட்சங்களில் தொடங்கும். மும்முனை மின்சாரம் வேண்டும். இறக்கி வைப்பதற்கே என் கொட்டகையைப் போல் சில மடங்கு இடம் வேண்டும். ஹோமாக், பியெஸ்ஸே, எஸ்சிஎம் என்று ஜெர்மனி, இத்தாலிப் பெயர்கள் தொங்கும் பெரிய அரங்குகளில் விற்பனையாளர்கள் முதலில் கேட்பது, “உங்கள் தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு எத்தனை பலகை ஓடும்?” என்றுதான். மரவேலை எனக்குத் தொழில் இல்லை என்று சொன்னதும் பேச்சு மரியாதையோடு முடிந்துவிடும். அவர்கள்மேல் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, அவர்கள் வந்தது வியாபாரத்துக்கு.

அப்படியானால் பொழுதுபோக்குத் தச்சர் அங்கே போகலாமா? கட்டாயம் போகலாம். ஆனால் கையில் ஒரு கேள்வியோடு போக வேண்டும். அந்தக் கேள்வி மரத்துண்டாகவே இருந்தால் இன்னும் நல்லது.

என் பையில் இருந்தது ஒன்றரை அடி நீள வேப்பம்பலகை. சேலத்தில் வீட்டுப் பின்புறம் காற்றில் சாய்ந்த மரத்தை அறுத்து நிழலில் அடுக்கிக் காயவைத்தது. நன்றாகக் காய்ந்த பிறகும் இழைப்புளி போட்டால் ஓரிடத்தில் வழவழவென்று வரும், அடுத்த விரற்கடையில் துணுக்குத் துணுக்காகப் பெயரும். வேம்பின் நார் நேராக ஓடுவதில்லை. சில ஆண்டு வளர்ச்சியில் வலப்பக்கம் சாய்ந்து ஏறும், அடுத்த சில ஆண்டுகளில் இடப்பக்கம் சாயும். அறுத்த பலகையில் இந்தச் சாய்வுகள் பட்டை பட்டையாக மாறி மாறி வந்து நிற்கும். ஒரு பட்டைக்கு ஒத்த திசை அடுத்த பட்டைக்கு எதிர்த்திசை.

இழைப்பு இயந்திரம் ஓடிய ஓர் அரங்கில் அதை இயக்கிக்கொண்டிருந்த இளைஞரிடம் பலகையை நீட்டினேன். முதலில் அதைப் புரட்டிப் பார்த்து, “ஆணி எதுவும் இருக்கா சார்?” என்றார். இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மிக மெல்லிய ஆழம் வைத்து உள்ளே விட்டார். மறுபக்கம் வந்த பலகையில் ஒரு பெயர்ச்சிகூட இல்லை. இயந்திரத்தை நிறுத்தி மூடியைத் திறந்தும் காட்டினார். பழைய இயந்திரங்களில் உருளையின் நீளத்துக்கும் நேரான அலகு இருக்கும். இதில் சின்னச் சின்னச் சதுர கார்பைடு வில்லைகள் உருளையைச் சுற்றிச் சுருள் வரிசையில் பதிந்திருந்தன. பலகையின் அகலம் முழுவதும் ஒரே நேரத்தில் அடி வாங்குவதில்லை. வில்லைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வாக வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுகின்றன. ஒவ்வொரு வில்லைக்கும் நான்கு விளிம்புகள். ஒன்று மழுங்கினால் திருகைத் தளர்த்தி அடுத்த விளிம்பைத் திருப்பி வைக்கலாம்.

பக்கத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பலகையைக் கேட்டு வாங்கினார். கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆசாரி. இப்போது பெங்களூரில் கதவு நிலை வேலைக்கு ஆள்களை வைத்துச் செய்கிறாராம். பலகையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து விரலால் தடவினார்.

“வேம்பு இப்படித்தான் தம்பி. எந்தப் பக்கம் தள்ளினாலும் பாதி எதிர்நாரு. மெஷின் இல்லாமயும் பண்ணலாம்.”

“எப்படிங்கய்யா?”

“புளியக் குறுக்கால சாச்சுப் பிடி. அலகு மயிரிழைதான் வெளிய தெரியணும். அப்புறமும் பெயர்ற எடத்துல கண்ணாடிச் சில்லு. புதுசா ஒடச்ச விளிம்பா இருக்கணும். தேய்க்காத, சுரண்டு. தூளா வந்தா விளிம்பு போச்சு, சுருளா வந்தா சரி.”

அந்தச் சுருள் வில்லைகள் செய்கிற காரியமும் அவர் சொன்ன உத்தியும் ஒரே தத்துவத்தில் நிற்பவை. வழக்கமான இழைப்புளியில் அலகு 45 பாகைச் சாய்வில் மரத்தைச் சந்திக்கிறது. அந்தச் சாய்வில் எதிர்நார் கத்திக்கு முன்னால் பிளந்துகொண்டு ஓடிவிடும். அலகு 50, 55 பாகை என்று நிமிர நிமிரப் பிளவு குறைந்து சுரண்டல் கூடுகிறது. கண்ணாடிச் சில்லு ஏறத்தாழ நிமிர்ந்தே நிற்பதால் அது பிளக்க வழியே இல்லை. மெல்லிய சீவல் எடுத்தால் நாரைப் பெயர்த்துத் தூக்கும் பலமும் அதற்குக் கிடையாது. இந்த விவரமெல்லாம் நான் ஏற்கெனவே படித்ததுதான். ஆனாலும் என் பலகையையே இயந்திரம் வழவழப்பாக்கித் தந்ததைப் பார்த்து, அதன் காரணத்தை ஐம்பது வருடக் கைப்பழக்கமுள்ள ஒருவர் வாயால் கேட்டபோது அது என் கைக்குள் இறங்கியது. சில வரிசை தள்ளி ஒரு சிறு கடையில் உருக்குச் சுரண்டுதகடு கிடைத்தது, வாங்கிக்கொண்டேன்.

இப்படிப்பட்ட சிறு கடைகள்தான் நம்மைப் போன்றவர்கள் நிற்க வேண்டிய இடம். வாள் வட்டு விற்பவர்களிடம் போனால் பற்களைக் கையில் வைத்தே காட்டுவார்கள். நார்ப்போக்கில் நீளமாக அறுக்க 24 பல் போதும், குறுக்கே அறுக்கவும் பிளைவுட்டுக்கும் 60, 80 என்று பல் கூட வேண்டும். லேமினேட் ஒட்டிய பலகை அடிப்பக்கம் சிதறாமலிருக்க, பெரிய வட்டுக்கு முன்னால் ஒரு சிறு வட்டு எதிர்த்திசையில் சுழன்று மெல்லிய கோடு போடுகிறது. வீட்டில் கத்தியால் ஆழமாக ஒரு கோடு கீறிவிட்டு அறுத்தாலே அந்தப் பலனில் பெரும்பகுதி கிடைக்கும்.

இறக்குமதி மர அரங்குகளில் மனம் நிலைகொள்ளவில்லை. அமெரிக்க ஓக், ஆஷ், மேப்பிள், கனடாவின் டக்ளஸ் ஃபர், மஞ்சள் சிடார் எல்லாம் தொட்டுப் பார்க்கக் கிடைத்தன. தேக்கும் வேங்கையும் தெரிந்த கைக்கு அவை வேறு உலகம். ஆனால் அங்கே பேச்சு கன்டெய்னர் கணக்கில்தான். இரண்டு கன அடி கேட்பவருக்கு, இருப்பு வைத்திருக்கும் வணிகர்களின் பட்டியல் ஒன்றைத் தருகிறார்கள். அதுவும் பயன்தான்.

நான் போன 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. யாராவது கேட்டால் அந்தக் கிழமையையே சொல்வேன். வேலை நாளில் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் தொழிலாளர்கள் அன்றுதான் வருகிறார்கள். ராஜஸ்தானத்துச் சுதார் தச்சர்கள், உத்தரப் பிரதேசத்துக்காரர்கள், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பையன்கள் என்று பெங்களூரின் மாடுலர் கிச்சன்களைச் செய்கிற கைகள் எல்லாம் அன்று அங்கே இருந்தன. பெரிய இயந்திரங்கள் முன் அவர்கள் அதிகம் நிற்கவில்லை. வாள் மேசையில் கை போகாமல் காக்கும் அமைப்பைப் பற்றிய படம் ஓடிய இடத்தில் நெருக்கியடித்து நின்றார்கள்.

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999இல் உருவாக்கிய ‘சாஸ்டாப்’ முறையில், விரல் வட்டைத் தொட்டதும் உடம்பின் மின்கடத்தும் தன்மையால் மின்குறிப்பு மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பற்களுக்குள் பாய்ந்து 5 மில்லி விநாடி அளவில் வட்டை நிறுத்திவிடும். ஜெர்மனியின் ஆல்டென்டார்ஃப் நிறுவனத்தின் அமைப்போ வட்டுக்கு மேலே கேமராக்களை வைத்து, கை நெருங்கும்போதே வட்டைக் கீழே இறக்கிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் ஆள்காட்டி விரலின் நுனி இல்லாத ஒருவர் விலை கேட்டார். பதில் வந்ததும் ஒன்றும் பேசாமல் நகர்ந்தார்.

ஆசாரி என்னிடம், “வெல எறங்கணும் தம்பி. எங்க பசங்க வட்டு மூடியக் கழட்டிட்டுத்தான் ஓட்டுறாங்க, வேகம் வேணும்னு காண்ட்ராக்டர் நிக்கிறாரு” என்றார்.

தூசியைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்துவிட்டது. அவர் பட்டறையில் தூள் உறிஞ்சும் இயந்திரம் இல்லை. கண்காட்சியில் தூள் உறிஞ்சிகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் விளக்கப் பலகைகளும் துண்டறிக்கைகளும் நான் பார்த்தவரை ஆங்கிலத்தில்தான் இருந்தன. முதலாளிக்குப் பேசும் அறிக்கைகள் அவை. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்காகக் கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் ஒரு பக்கம் அச்சிட எவ்வளவு செலவாகும்? வட்டு மூடியை ஏன் கழற்றக் கூடாது, எந்த முகக்கவசம் நுண்தூளைத் தடுக்கும், வடிகட்டிப் பையை எத்தனை நாளுக்கு ஒருமுறை உதற வேண்டும் என்று எழுதினால் போதும். அன்று ஆசாரிக்கு ஓர் ஆங்கிலத் துண்டறிக்கையை வரி வரியாகப் படித்துச் சொன்னேன். நடுவில் நிறுத்தச் சொல்லிவிட்டு, தன்னோடு வந்த மூன்று பையன்களையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, “மொதல்லேர்ந்து படிங்க தம்பி” என்றார்.