கரடியொத்த கரடி!

செஞ்சிக்கு அண்மையில், மகேந்திர பல்லவன் குடைவித்த குடைவரை நிற்கும் தளவானூரில் ஆசிரியப் பணி ஆற்றுகிறோம் நாம். ஒரு நாள் ஆங்கிலப் பாடத்தில் 'அர்சைன்' என்றோர் அடைமொழி வந்தது. "கரடியைப் போன்ற" என்று பொருள் உரைத்தோம். அவ்வளவுதான்! வகுப்பு முழுவதும் கடைசி வரிசைச் சிறுவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவன் கழுத்தில் தொங்கியது கரடிமுடித் தாயத்து!

காய்ச்சலில் மகன் பிதற்றியதைப் பேயின் வேலை என்று அஞ்சிய ஏழைத் தாய், மருத்துவருக்கென வைத்திருந்த பணத்தைக் கொடுத்து வாங்கிக் கட்டியதாம் அது. காய்ச்சலைத் தணித்ததோ, பின்னர் அரசு மருத்துவமனை தந்த மருந்து. ஆனால் புகழ் தாயத்துக்கு!

சிரிப்பை அடக்கிச் சொல்லின் வரலாற்றைச் சொன்னோம். இலத்தீனில் 'உர்சஸ்' என்றால் கரடி. 'உர்சினஸ்' என்றால் கரடியொத்தது. அதன் வழிவந்ததே 'அர்சைன்'. 1791-இல் ஜார்ஜ் ஷா எனும் ஆங்கில அறிஞர், நம் நாட்டுக் கரடியின் நீண்ட நகங்களையும், மேல்தாடையில் இரு முன்பற்கள் இல்லாமையையும் கண்டு மயங்கினார். தென் அமெரிக்காவில் மரத்தில் தொங்கி வாழும் 'ஸ்லாத்' எனும் மந்த விலங்கின் இனமென எண்ணி, 'கரடியொத்த ஸ்லாத்' என்று பெயரிட்டார். கரடிக்கே கரடியொத்தது என்று பெயர்! பின்வந்தோர் பிழை கண்டனர். 'மெலர்சஸ்', அதாவது தேன்கரடி என்று இனப்பெயரைத் திருத்தினர். பழைய அடைமொழி மட்டும் தழும்பாய் நிலைத்தது: மெலர்சஸ் உர்சினஸ்.

நம் சங்கப் புலவனோ இதனை எண்கு என்றான், உளியம் என்றான். புற்றகழ்ந்து உண்பதைப் பாடினான். கறையானை உறிஞ்சவே அப்பல் இடைவெளி உதவுகிறது என்கிறது அறிவியல். கண்டதைப் பாடிய மரபில் வந்தவர், காணாத பேய்க்கு அஞ்சிக் கரடிமுடி கட்டுவதா? அந்தோ! உண்மையான முடியாயின் அதை விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அறிவியல் தவறியதுண்டு, தவற்றை ஒப்பித் திருத்திக்கொண்டது. தாயத்து வணிகன் என்றேனும் திருத்திக்கொண்டதுண்டா?

மறுநாள் சிறுவன் வெறுங்கழுத்தோடு வந்தான். தாயும் அவனும் தாயத்தைப் பிரித்துப் பார்த்தனராம். உள்ளே இருந்தது கருஞ்சாயம் ஏற்றிய தேங்காய் நார்!

"ஐயா, இது கரடிமுடி அன்று; கரடிமுடியைப் போன்றது!" என்றான்.

மீண்டும் சிரித்தது வகுப்பு. இம்முறை அவனும் சேர்ந்து சிரித்தான். தோழர்களே, 'ஆனது' எது, 'போன்றது' எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுவிட்டான் அவன். அதனினும் உயர்ந்த பாடம் நம்மிடம் இல்லை.