ஆலங்கட்டியும் காப்புறுதிப் பத்திரமும்

கல்லூரி மலருக்குக் கட்டுரை வரையப் புகும் பழைய மாணவர், தம் ஆசிரியர்தம் பெருமையையோ விளையாட்டு வெற்றிகளையோ எடுத்தோதுதல் மரபு. யானோ வீட்டுக் கூரையைப் பற்றி எழுதத் துணிந்தேன். கடல் கடந்து வாழும் நம்மவர் பலர் பெருங்கடன்பட்டு வீடு வாங்குகின்றனர். அவ்வீட்டிற்குரிய காப்புறுதிப் பத்திரத்தை முற்றும் படித்தவரோ மிகச் சிலர்.

ஆலங்கட்டி மழை ஈழத்தவராகிய நமக்கு அரியதொரு காட்சி. அவுஸ்திரேலியாவின் சிட்னி மாநகரிலோ அது பேரிடராகவும் வருவதுண்டு. 1999 ஆம் ஆண்டு ஏப்பிரல் 14 ஆம் நாள் இரவு அந்நகரின் கிழக்குப் புறநகர்களிற் பொழிந்த ஆலங்கட்டிகளுட் சில 9 சென்ரிமீற்றர் விட்டமுடையன. ஏறத்தாழ 20,000 கட்டடங்கள் சேதமுற்றன. காப்புறுதிக் கம்பனிகள் ஏற்ற இழப்பு மாத்திரம் 170 கோடி அவுஸ்திரேலிய டொலர்.

அந்நாளில் யான் கென்சிங்டன் பகுதியில் வசித்தேன். எமது கூரை ஓடுகள் நொறுங்கின. என் தாயார் உறங்கும் பின்னறையின் உட்கூரை நனைந்து தொங்கிற்று. வந்த மதிப்பீட்டாளர் ஓடுகளுக்கு நட்டஈடு தர இசைந்தார். பின்னறைச் சேதமோ துருப்பிடித்த பீலியின் நெடுநாட் கசிவால் வந்ததென்று மறுத்தார். நல்வினைப் பயனாக, ஈராண்டுகட்குமுன் பீலியைப் புதுப்பித்த பற்றுச்சீட்டை என் இல்லாள் தகரப் பெட்டியொன்றிற் பேணி வைத்திருந்தாள். அச்சிறு தாள் கண்டபின் கம்பனியார் தம் முடிவை மாற்றினர்.

இதனால் அறியத்தக்கது ஒன்றுண்டு. காப்புறுதி என்பது திடீரென நேர்ந்த சேதத்துக்கே உரியது. காலத்தால் வந்த தேய்வுக்கும் பராமரிப்பின்மைக்கும் உரியதன்று. ஒரே கூரையில் இவ்விரண்டும் கலந்து கிடக்குமிடத்தே வழக்குப் பிறக்கின்றது. ஆதலின் கூரையையும் பீலியையும் காலந்தோறும் பழுதுபார்த்து, பற்றுச்சீட்டுகளையும் நாளிட்ட நிழற்படங்களையும் பேணுதல் வேண்டும்.

வேறு சிலவும் உள. கட்டடத்துக்கான காப்புறுதியும் உட்பொருள்களுக்கான காப்புறுதியும் வெவ்வேறானவை. காப்புறுதித் தொகை, வீட்டின் சந்தை விலையையன்றி, அதனை மீளக் கட்டுஞ் செலவை ஒத்திருத்தல் வேண்டும். பேரிடரின்பின் ஓட்டுக்கும் கொத்தனாருக்கும் பஞ்சம் ஏற்பட்டுக் கூலி உயர்வது இயல்பு. ஒவ்வொரு கோரலிலும் நாமே தாங்கவேண்டிய முதற்பங்கு எவ்வளவென்பதையும் முன்னரே அறிதல் நன்று. அம்முதற்பங்கை உயர்த்தினால் தவணைப் பணம் குறையும். இடர் வருங்காற் கைப்பணம் மிகுதியாக வேண்டும்.

சேதமுற்றவுடன் தறப்பாள் விரித்து மேலும் நீர் புகாவண்ணந் தடுத்தல் வீட்டுக்காரர் கடன். எனினும் மதிப்பீட்டாளர் பார்வையிடுமுன் நிரந்தரத் திருத்தம் செய்தலும் உடைந்தவற்றை எறிதலும் ஆகா. கோரிக்கை மறுக்கப்படின் காரணத்தை எழுத்திற் கேளுங்கள். முதலிற் கம்பனிக்கே முறையிடுங்கள். அங்கும் தீராதாயின், 2018 முதல் இயங்கும் அவுஸ்திரேலிய நிதி முறைப்பாட்டு அதிகார சபையைக் கட்டணமின்றி அணுகலாம்.

புலம்பெயர்ந்த அன்பர்களே, இம்மலரைப் படித்து முடித்தபின் உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, எவையெவை விலக்கப்பட்டன என்று கூறும் பக்கத்தை முதலிற் படியுங்கள். வானம் தெளிந்திருக்கும்போதே செய்யவேண்டிய வேலை அது.